வெயிலில் கறுக்கும் கண்ணாடி

பிப்ரவரி 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக அருளின் மாத்திரை அட்டையைத் திருப்பி, காலாவதித் தேதியைப் படிக்கப் பார்த்தேன். தெரியவில்லை. கையை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கை தீர்ந்துபோனது, எழுத்து வரவில்லை. ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்தபோது ஓர் எட்டு தெரிந்தது. மூன்றாகவும் இருக்கலாம்.

அருள் பல் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திரைய எதிர் வீட்டு மாடியில வச்சுட்டு இங்கேர்ந்து படி செல்வி" என்றார். சிரித்தேன். இருபது வருடத்துக் கணவரின் கிண்டலுக்குச் சிரிப்பது பழக்கம்தான்.

நாற்பத்தாறு வயதில் எல்லோருக்கும் வருவதுதான் இது. ஆனால் எல்லோரும் கண்ணை வைத்துச் சம்பாதிப்பதில்லை.

அடுத்த திங்கள் கம்பெனியில் வருடாந்திரக் கண் பரிசோதனை. ஒரு முழத் தூரத்தில் அட்டையைப் பிடித்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்க முடியாவிட்டால், சரிபார்த்த பொருள் மேல் குத்தும் ஸ்டாம்ப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக என் ஸ்டாம்ப் எண் ஏழு.

பிப்ரவரி 4, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. நேரு வீதியில் கண்ணாடிக் கடை. கிட்டத்தில் பார்க்கவும் தூரத்தில் பார்க்கவும் ஒரே கண்ணாடி போதுமாம். கடைக்காரர், "மேடம், எவ்ளோ தூரம் வண்டி ஓட்டுவீங்க?" என்றார். கருவடிக்குப்பத்திலிருந்து சேதராப்பட்டு என்றேன். "அப்ப வெயில்ல போனா தானா கறுக்கும், வீட்டுக்குள்ள வந்தா தானா வெளுத்துடும், அத எடுத்துக்கங்க. இந்த வாரம் ஆஃபர்." அருள் குறுக்கே விழுந்து, "அதையே போடுங்க, இது என் கணக்கு" என்று பணத்தை எடுத்துவிட்டார். கல்யாண நாள் வருகிறது இல்லையா, அதற்காம். மறுக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ஆஷ்லினின் வகுப்புத் தோழி கேட்டாளாம்: "உங்கம்மா பிளேடு கம்பெனியிலயா வேலை பாக்குறாங்க? ஷேவிங் பிளேடா?" ஆஷ்லின் வீட்டுக்கு வந்தும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ என்ன சொன்ன?" என்றேன். "யானைக்கு ஷேவிங் பண்ற பிளேடுன்னு சொன்னேன்."

எனக்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கத் தோன்றியது. மின் நிலையங்களில் எரிவாயுவில் சுழலும் டர்பைன் இருக்கிறது. அதன் சக்கரத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் வளைந்த உலோக இதழ்கள், தொண்ணூறு நூறு. அவைதான் பிளேடு. நெருப்பிலேயே நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகின்றன. இரண்டு மூன்று வருடத்தில் நுனி தேயும், மேல்பூச்சு உரியும், ஓரம் வெடிக்கும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று எங்களிடம் அனுப்புகிறார்கள். நாங்கள் பழைய பூச்சை அமிலத்தில் கரைத்து, தேய்ந்த நுனியை வெல்டிங்கில் வளர்த்து, அரைத்து, உலையில் வைத்து எடுக்கிறோம். புதுப் பூச்சு ஏற்றும் முன்னால் அது என்னிடம் வரும்.

என் இடம் ஓர் இருட்டறை. பிளேடை ஒளிரும் எண்ணெயில் முக்கி, கழுவி, வெள்ளைப் பொடி தூவி, புற ஊதா விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பச்சையாக ஒரு கோடு காட்டும். தலைமுடியைவிட மெலிதாக. கோடு இருந்தால் நிராகரிப்பு. இல்லாவிட்டால் ஏழாம் எண். அவ்வளவுதான் என் வாழ்க்கை என்றும் சொல்லலாம்.

க்சாவியே சார் இன்று கூப்பிட்டார். தரப் பிரிவின் தலைவர். மார்ச் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு மகளிடம் பாரீஸ் போகிறாராம். "அலோர், லூர்து. என் சீட்டுக்கு உன் பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கண் டெஸ்ட் மட்டும் ஒழுங்கா பாஸ் பண்ணிடு." லூர்துசெல்வி என்ற பேரில் முன்பாதி கம்பெனிக்கு, பின்பாதி வீட்டுக்கு. பிரெஞ்சு வந்தால் சார் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பிப்ரவரி 8, சனி

கண்ணாடி வந்துவிட்டது. மாத்திரை அட்டையில் இருந்தது மூன்றுதான். எட்டு இல்லை. அருள், "மதர் சுப்பீரியர் மாதிரி இருக்க. கிட்ட வரவே பயமா கீது" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

பாஸ். கடைசி வரி வரைக்கும் தடுக்காமல் படித்தேன். டெஸ்ட் எடுக்க வந்த பெண், "சின்னப் பொண்ணுங்களே இத திக்கித் திணறித்தான் படிக்குதுங்க" என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காவிரிப் பக்கத்து மின் நிலையத்தின் செட் முடிந்தது. முதல் வரிசை, தொண்ணூற்றிரண்டு பிளேடு, நான்கு நாள். இவ்வளவு சுத்தமான செட்டைப் பார்த்ததில்லை. வழக்கமாகப் பின்னணியிலேயே பச்சை மூட்டம் போட்டுக் கண்ணைப் பிடுங்கும். இந்தத் தடவை அமைதியாக இருந்தது. வெல்டிங் கன்னியப்பனைக் கூப்பிட்டு நேரிலேயே பாராட்டினேன். "ரிட்டயர் ஆவறதுக்குள்ள உங்க வாயால கேட்டுட்டேன் மேடம், போதும்" என்றார்.

நாற்பத்தொன்றாம் பிளேடில் மட்டும் பின் ஓரத்தில் அடியை ஒட்டி ஒரு சின்ன மங்கல். துணியால் ஒற்றி, மறுபடி பொடி தூவிப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். விரிசலாக இருந்தால் எண்ணெய் மறுபடி கசிய வேண்டும். கசியவில்லை. ஸ்டாம்ப் போட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பூச்சு முடிந்து காவிரி செட் லாரி ஏறியது. மார்ச் 20 அன்று மிஷின் ஓட்டுகிறார்களாம்.

மார்ச் 4, செவ்வாய்

எப்படி எழுதுவது.

பதினொன்றரை மணிக்கு இருட்டறையில் இருந்தேன். ஆஷ்லின் பள்ளியிலிருந்து போன் என்று வெளியிலிருந்து சிவசங்கரி கதவைத் தட்டினாள். என் கீழ் இரண்டு வருடமாக வேலை கற்கிற பெண். என்னவோ ஏதோ என்று அப்படியே வெளியே ஓடினேன். (ஒன்றுமில்லை, ஹால் டிக்கெட்டில் கையெழுத்து.) போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "இன்னாக்கா, இருட்டு ரூம்ல இருந்து கூலிங் கிளாஸ் போட்டுக்கினு வர்றீங்க? உள்ள ஷூட்டிங்கா?"

நானும் சிரித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.

கறுத்திருந்தது.

வெயில் இல்லை. ஆனால் புற ஊதா இருக்கிறதே உள்ளே. வெயிலில் கறுப்பது எதனால்? அந்தப் புற ஊதாவால்தானே. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் நான். ஏ.சி. குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும் என்பதுகூடத் தெரியும். தெரியும், தெரியும். எல்லாம் தெரியும். மூன்று வாரமாகக் கறுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து விரிசல் தேடியிருக்கிறேன். எப்போதும் வேலை முடிந்ததும் உள்ளேயே கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போவேன். திரும்ப எடுக்கும்போது வெளுத்திருக்கும். அதனால் யாரும் பார்க்கவில்லை. நானும்.

அப்புறம் கதவைப் பார்த்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "நிறம் மாறும் கண்ணாடி அணிந்து உள்ளே வரக் கூடாது." எட்டு வருடத்துக்கு முன்னால் ஆடிட்டுக்காகத் தமிழில் எழுதி ஒட்டியது. என் கையெழுத்து.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போனேன். நேற்று மாலையே பெரிய மார்க்கெட் வாசலில் நூற்றைம்பது ரூபாய்க்குச் சாதாரணப் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டேன்.

சிவசங்கரி டீக்குப் போன நேரத்தில் சோதனைத் தகட்டை எடுத்தேன். அதில் நட்சத்திரம் போல ஐந்து விரிசல்கள் வேண்டுமென்றே செய்து வைத்திருக்கும், பெரிதிலிருந்து சிறிது வரை. அருள் வாங்கித் தந்த கண்ணாடியோடு விளக்கின் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்தேன். நான்கு. மார்க்கெட் கண்ணாடியோடு பார்த்தேன். ஐந்து.

மூன்று வாரமாகத் தினமும் காலையில் இதே தகட்டைப் பார்த்து "ஐந்து, சரி" என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை. உள்ளே நுழைந்த முதல் நிமிடம், கண்ணாடி இன்னும் கறுத்திருக்காது. கறுத்திருந்தாலும் ஐந்து என்றுதான் எழுதியிருப்பேனோ? இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் கண் தானே வரைந்துகொள்கிறது.

சுத்தமான செட் என்றேன். கன்னியப்பனைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். அந்த மனிதர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்.

மார்ச் 7, வெள்ளி

காவிரி செட்டுக்குப் பிறகு நான் பார்த்ததில் முப்பத்தெட்டு பிளேடு இன்னும் பூச்சுக்குப் போகவில்லை. மறுபரிசோதனை என்று சொல்லி வரவழைத்தேன். சிவசங்கரி ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்த் தொட்டியை அவளே தயார் செய்தாள்.

முப்பத்தாறு சரி.

இரண்டில் கோடு. ஒன்று நுனி வெல்டிங் ஓரத்தில், நகக்கண் அளவு. இன்னொன்று அடியை ஒட்டி. பச்சையாக, தெளிவாக, என்னைப் பார்த்தபடி. இரண்டிலும் என் ஏழு. இரண்டையும் நிராகரித்தேன். காரணம் என்ற கட்டத்தில் "விரிசல்" என்று எழுதினேன். பொய் இல்லை. யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வெல்டிங் மேல்தான் சந்தேகம் வரும்.

முப்பத்தெட்டில் இரண்டு. அப்படியானால் தொண்ணூற்றிரண்டில்?

இப்படிக் கணக்குப் போடக் கூடாது. வேறு பிளேடு, வேறு மிஷின். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

அதே விகிதத்தில் கிட்டத்தட்ட ஐந்து. அந்த ஐந்து இருக்கிறதா இல்லையா என்று வண்டி ஓட்டும்போதே ஓடுகிறது. சேதராப்பட்டு ரோட்டில் தார் விரிசலை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் அருள், "இன்னா, நான் வாங்கிக் குடுத்தத போடல? நூத்தம்பது ரூபா கண்ணாடில இருக்க" என்றார். தலை வலிக்கிறது என்றேன். "பழகற வரைக்கும் அப்டித்தான் இருக்கும். விட்டுடாத." அவருக்கு அரியாங்குப்பத்தில் டூ வீலர் உதிரிபாகக் கடை. வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிற வாடிக்கையாளர் என்றாலே ஆகாது.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல. எனக்கு முன்னால் ஆறு பேர். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "சாமி, கறுக்கும் கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை பார்த்தேன்." எந்தக் கட்டளை இது? வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யாதது பாவம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால்? சரி என்று நிம்மதியாக வந்துவிடுவேன். அந்த நிம்மதியை நினைத்ததும் பயமாக இருந்தது.

செய்தது தெரியாமல். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குப் பிறகு தெரியும். தெரிந்தே சொல்லாமல் இருப்பதுதான் இப்போது செய்துகொண்டிருப்பது.

இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

க்சாவியே சாரின் அறை. மேசையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். புத்தகங்கள் அட்டைப்பெட்டியில்.

"சார், ஏற்கெனவே போன செட்டை நிறுத்தணும்னா என்ன பண்ணணும்?"

பேனாவை மூடினார். "எந்த செட்டு?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். உங்க சீட்ல உக்காந்தா நாளைக்கு நான்தான பாக்கணும்."

"சும்மா கேக்கற ஆளா நீ?"

அப்புறம் அவராகவே சொன்னார். "ஒரே ஒரு தடவ பண்ணியிருக்கேன். உனக்கு அப்ப மெட்டர்னிட்டி லீவு. உலைல சூட்டு மீட்டர் சரியில்லையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மொத்த செட்டையும் திருப்பிக் கொண்டு வரச் சொல்லிட்டேன். பூச்சைக் கரைச்சு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து பார்த்தோம். ஒண்ணுல ஒரு குறை இல்ல. அத்தனையும் நல்ல பிளேடு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அந்தக் கஸ்டமர் அதோட போயிட்டான். மூணு மாசம் முதலாளி என் மூஞ்சியப் பாக்கல. எனக்கு வர வேண்டிய புரமோஷன் நாலு வருஷம் தள்ளிப் போச்சு."

"வருத்தமா சார்?"

பெட்டியில் இன்னொரு புத்தகத்தை வைத்தார். "குறை இருந்திருந்தா ஹீரோவா இருந்திருப்பேன். இல்லாததால பைத்தியக்காரன். எதுவா இருக்கப் போறோம்னு முன்னாடியே தெரியாது லூர்து, அதுதான் இதுல கஷ்டம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதுனா இருக்கா?"

"இல்ல சார்."

ஒரு வார்த்தை பிரெஞ்சு வரவில்லை அவருக்கு.

மார்ச் 12, புதன்

மாசி மகம். வைத்திக்குப்பம் பக்கம் வண்டி நகரவில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்றேன். என்னைச் சுற்றி எத்தனை பேர் கண்ணாடி கறுத்திருக்கிறது என்று எண்ணினேன்.

மார்ச் 13, வியாழன்

சிவசங்கரி சாப்பிடும்போது, "அந்தக் கூலிங் கிளாஸ் இன்னாச்சுக்கா?" என்றாள். ஒத்துவரவில்லை என்றேன். "ம்" என்று சாதத்தைப் பிசைந்தாள். பிறகு, "கதவுல இருக்கற பேப்பர் கிழிஞ்சு தொங்குது. வேற எழுதி ஒட்டவாக்கா?" என்றாள்.

ஓரம்தான் லேசாகக் கிழிந்திருந்தது. தொங்கவெல்லாம் இல்லை.

அவளுக்குத் தெரியும். தெரிந்து பத்து நாள் ஆகிறது. நான் சொல்வேன் என்று காத்திருக்கிறாளா? சொல்லக் கூடாது என்று பயந்துகொண்டிருக்கிறாளா? "ஒட்டு" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

காவிரி மின் நிலையத்திலிருந்து கிருஷ்ணசாமி போன் செய்தார். அங்கே பராமரிப்பு இன்ஜினியர். பிளேடு எல்லாம் சக்கரத்தில் ஏறிவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம்.

"உங்க ஏழாம் நம்பரப் பாத்தா நாங்க திரும்பப் பாக்கறதே இல்ல மேடம். நேரா ஏத்திடுவோம்."

"முதல் ஓட்டத்துக்கு யாரெல்லாம் நிப்பீங்க?" என்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நான், ஆபரேட்டர் ரெண்டு பேரு. நான் எப்பவும் மிஷின் பக்கத்துலதான் நிப்பேன். சத்தத்த வச்சே சொல்லிடுவேன், மீட்டர் எல்லாம் அப்புறம்தான்." சிரித்தார்.

ஒரு பிளேடு உடைந்தால் பின்னால் இருக்கிற வரிசையை எல்லாம் அரைத்துக்கொண்டு போகும். வெளியுறையைத் தாண்டி வராது என்பதுதான் கணக்கு. கணக்கு.

நாற்பத்தொன்று. ஒற்றிவிட்டுப் பத்து நிமிடம் வைத்தேன். பத்து நிமிடமும் அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கின் கீழே. கண்ணாடி கறுத்துக்கொண்டே போயிருக்கும். கசியவில்லை என்பது உண்மையா, கசிந்தது எனக்குத் தெரியவில்லையா? இதற்குப் பதில் என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மதியம் மீன் குழம்பு. ஆஷ்லின் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போனாள். அருள் என் பழைய கண்ணாடியை, அதாவது புதுக் கண்ணாடியை, துணியில் துடைத்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினார். "பாரு, எப்டி கறுக்குது. எவ்ளோ நல்ல சாமான். நீதான் போட மாட்டேங்கற." உள்ளே கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். இரண்டு பேரும் அது வெளுக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல் வெளுத்தது.

"வண்டி ஓட்டும்போது போட்டுக்கறேன்" என்றேன். உண்மையாகவே அதற்கு நல்ல கண்ணாடிதான் அது.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். கண்ணாடி வாங்கிய தேதி, ரசீது எண். அதைப் போட்டுக்கொண்டு பார்த்த செட்டுகள், பிளேடு எண்கள் எல்லாம், ஒன்றுவிடாமல். சோதனைத் தகட்டில் நான்கு, ஐந்து. முப்பத்தெட்டில் இரண்டு. வெல்டிங்கில் தவறில்லை, கன்னியப்பனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று தனியாக ஒரு வரி. எனக்கு எப்போது தெரிந்தது என்ற வரியில் பேனா நின்றது. மார்ச் 4, காலை பதினொன்றரை என்று எழுதினேன். இன்றைக்குத் தேதி பதினாறு. இடையில் இருக்கிற பன்னிரண்டு நாளுக்குக் காரணம் எழுதவில்லை. காரணம் இல்லை.

ஒன்றும் இல்லாமலே போகலாம். தொண்ணூற்றிரண்டும் நல்ல பிளேடாகவே இருக்கலாம். அப்போது க்சாவியே சார் மாதிரி நானும் பைத்தியக்காரிதான். சாருக்கு வந்த சந்தேகம் மீட்டர் மேல். என்னுடையது என் மேல்.

நாளை எட்டரைக்கு, அவர் பெட்டி கட்ட ஆரம்பிக்கும் முன்னால், இந்தத் தாளையும் ஸ்டாம்ப்பையும் மேசை மேல் வைக்கப் போகிறேன். வியாழக்கிழமை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி அவர் எதிரிலேயே கிருஷ்ணசாமிக்குப் போன் போடுவேன். அருளிடம் சொல்லவில்லை. ஆஷ்லினுக்குப் பரீட்சை முடியட்டும். சிவசங்கரிக்கு மெசேஜ் ஒன்று தட்டிவிட்டு அழித்தேன். அவளும் நாளை மற்றவர்களோடு தெரிந்துகொள்ளட்டும்.

நாளைக்குச் சாப்பாடு கட்ட வேண்டாம், பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு நாளைக்கென்றே டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சொன்ன பிறகும் பசிக்குமே.